சின்பிராங்கிடே

சதுப்பு விலாங்குகள் அடங்கிய மீன் குடும்பத்தைக் குறிக்கும் இவ்வறிவியற் பெயர், 'ஒன்றாக' எனப் பொருள்தரும் 'சின்', செவுளைக் குறிக்கும் 'பிராங்கியா' என்னும் கிரேக்கச் சொற்களிலிருந்து உருவாகி, இருபுறச் செவுள் திறப்புகளும் தலையின் அடியில் ஒரே பிளவாக இணைந்திருக்கும் இம்மீன்களின் உடலமைப்பைச் சுட்டுகிறது. உருவில் விலாங்கை ஒத்திருப்பினும், இவை உண்மையான விலாங்குகளுக்குரிய ஆங்குவில்லிபார்மிஸ் வரிசையைச் சேராமல், ஆரல் மீன்களும் இடம்பெறும் சின்பிராங்கிபார்மிஸ் வரிசையில் வைக்கப்படுகின்றன. இக்குடும்பத்தின் பேரினங்களுள் ஒன்றான 'மோனாப்டெரஸ்' என்பதற்கு 'ஒற்றைத் துடுப்புடையது' என்பது பொருள். வளர்ந்த மீன்களில் மார்புத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் இல்லை, முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் வெறும் தோல் மடிப்பாகக் குறுகியுள்ளன.

வாய், தொண்டை ஆகியவற்றின் உட்சவ்வு வழியே காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லவையாதலால், இவற்றுள் பல இனங்கள் உயிர்வளி குறைந்த சதுப்புகளிலும் நெல்வயல்களிலும் கால்வாய்களிலும் வாழ்ந்து, நீர் வற்றுங்காலத்தில் சேற்று வளைகளுக்குள் தங்குகின்றன. மெக்சிகோவின் யுகட்டான் குகைநீரில் வாழும் ஓஃபிஸ்டெர்னான் இன்ஃபெர்னாலே கண்பார்வையற்றது. கேரளத்தின் கிணறுகளிலும் நிலத்தடி நீர் வாழினங்கள் கிடைத்துள்ளன. குருதியைக் குறிக்கும் 'ரக்தம்', மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'இக்திஸ்' ஆகியவற்றை இணைத்து, இந்திய இனங்கள் சிலவற்றுக்கு 2020ஆம் ஆண்டில் 'ரக்தமிக்திஸ்' என்னும் பேரினம் நிறுவப்பட்டது. 2018இல் விவரிக்கப்பட்ட அதன் மேகாலய இனம், ஓடைக்கு வெளியே ஈரமண்ணைத் தோண்டியபோது கிடைத்ததாகும்.