தோஹாவில் வென்ற வெள்ளி... பறிபோனது ஏன்? புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் கதையும் மாறிக்கொண்டே இருக்கும் விதிகளும்

பெண்கள் தடகளத்தில் மரபணுப் பரிசோதனை கட்டாயம் என்ற செய்தி வரும்போதெல்லாம் தமிழ்நாட்டில் ஒரு பெயர் திரும்பத் திரும்பப் பேசப்படும். சாந்தி சௌந்தரராஜன். யார் இவர்? என்ன நடந்தது? சுருக்கமாகப் பார்க்கலாம்.

யார் இந்த சாந்தி?

தஞ்சாவூர் நெல்வயல்களைத் தாண்டினால் செம்மண் பூமியாக விரியும் புதுக்கோட்டை மாவட்டம். அங்குள்ள கத்தக்குறிச்சி கிராமத்தில் 1981-ல் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருக்கும் செங்கல் சூளையில் வேலை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் என்பதால் தம்பி, தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும் இவர் பொறுப்புதான்.

ஓடக் கற்றுக்கொடுத்தது தாத்தா. மண் தரையில்தான் பயிற்சி. பள்ளிப் போட்டிகளில் ஜெயிக்க ஆரம்பித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் படிப்பும் சாப்பாடும் கிடைத்தது. பிறகு புதுக்கோட்டையிலும் சென்னையிலும் கல்லூரி. 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார்.

தோஹாவில் என்ன நடந்தது?

2006 டிசம்பர். தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 800 மீட்டர், அதாவது மைதானத்தை இரண்டு சுற்று. பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் தங்கம். 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி முடித்த சாந்திக்கு வெள்ளி.

சில நாள்களிலேயே நிலைமை தலைகீழானது. அவருக்குப் பாலினப் பரிசோதனை நடத்தப்பட்டது. அதில் அவர் தேறவில்லை என்று ஊடகங்களில் செய்தி ஓடியது. ரகசியமாக இருந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணின் மருத்துவ விவரம் அது. பதக்கம் பறிக்கப்பட்டது. அவரது ஓட்ட வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது.

இது ஊக்கமருந்து விவகாரமா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019-ல் அதே தோஹாவில், அதே 800 மீட்டரில் ஆசிய தடகளத் தங்கம் வென்றார். ஊக்கமருந்து சோதனையால் அவர் பதக்கத்தை இழந்தார், 4 ஆண்டு தடையும் விதிக்கப்பட்டது. தான் எதையும் தெரிந்து எடுக்கவில்லை என்பது அவர் தரப்பு.

சாந்தி மீது அப்படி எந்தப் புகாரும் இல்லை. அவர் எதையும் உட்கொள்ளவில்லை, எதையும் மறைக்கவில்லை. பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்தவர். கேள்விக்குள்ளானது அவர் செய்த தவறு அல்ல, அவரது உடல்.

விதி என்ன சொல்கிறது?

எல்லா வீராங்கனைகளுக்கும் பாலினப் பரிசோதனை என்ற முறையை ஒலிம்பிக் அமைப்பு 2000 சிட்னி போட்டிக்கு முன்பே கைவிட்டது. அதன்பின், சந்தேகம் எழுந்தால் மட்டும் சோதனை என்ற நிலை. சாந்தி சிக்கியது இந்தக் காலகட்டத்தில்தான்.

2011-ல் டெஸ்டோஸ்டிரான் ஹார்மோன் அளவுக்கு வரம்பு வந்தது. அதனால் 2014-ல் தடை செய்யப்பட்ட ஒடிசாவின் டூட்டி சந்த், சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015-ல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. மீண்டும் ஓடிய டூட்டி, 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வென்றார்.

2019-ல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு, லிட்டருக்கு 5 நானோமோல் என்ற புது வரம்பு அமலுக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா எதிர்த்து வழக்காடியும் தோற்றார். 2023-ல் வரம்பு 2.5 ஆகக் குறைந்து, எல்லா ஓட்டங்களுக்கும் பொருந்தும் என்றானது. 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட ஒருமுறை எஸ்ஆர்ஒய் மரபணுப் பரிசோதனை கட்டாயம்.

பெண்கள் பிரிவில் போட்டி சமமாக இருக்க வேண்டும் என்கிறது தடகள அமைப்பு. இயற்கையாக அமைந்த உடலுக்கு ஏன் தண்டனை என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். விவாதம் முடியவில்லை.

அப்புறம் சாந்தி?

அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். கடும் மன உளைச்சலில் இருந்து மீண்ட சாந்தி, புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் 2012-ல் ஆசியப் பதக்கம் வென்ற அதே பெண், தினக்கூலிக்குச் செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தார். செய்தி வெளியாகி நாடே பேசிய பிறகுதான் உதவி வந்தது. பெங்களூருவில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது.

இன்னும் மிச்சமிருக்கும் கேள்வி

2009 சர்ச்சைக்குப் பிறகும் செமன்யாவின் உலகப் பட்டம் அவரிடமே இருக்கிறது. டூட்டிக்கு வழக்காட ஆதரவு கிடைத்தது. சாந்திக்கு வழக்கறிஞரும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. விதிகள் அதன்பின் எத்தனையோ முறை மாறிவிட்டன. அந்த வெள்ளி மட்டும் அவர் கைக்குத் திரும்பி வரவே இல்லை.