சாரணர் இயக்கமும் உடன்பிறப்பு உணர்வும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யப்படுவதைக் கண்டோர் ஒன்றை அறிவர். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் வெவ்வேறு நிறம். அவற்றை இழைதோறும் பிணைக்க நெசவாளி ஒருவரின் கைகள் போதா. ஒருபக்கக் கரையின் நாடாவைத் துணையாள் வீச வேண்டும். ஒருவர் அயர்ந்தால் இருவர் உழைப்பும் பழுதாகும். பொறுப்பைப் பகிர்ந்து செய்வதால் வளரும் இவ்வொழுக்கத்தையே சாரணர் இயக்கம் இளைஞரிடம் வளர்க்க முற்பட்டது.

1907 ஆகஸ்டில் பேடன் பவல், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவருடன் முதல் முகாமை நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளி மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாக்கி, அணித் தலைவரையும் அச்சிறுவரிலிருந்தே அமர்த்தினார். அறிவுரையைக் கேட்பதினும், நம்பி ஒப்படைத்த வேலையைச் செய்து முடிப்பதிலேயே பண்பு உருவாகிறது என்பது அவர் கண்ட உண்மை.

சாரணர் யாவரும் உடன்பிறந்தோர் என்பது இயக்கத்தின் விதிகளுள் ஒன்று. ஆயினும் 1909இல் பெங்களூரில் இயக்கம் தொடங்கியபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே அதில் இடம் இருந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு அடைக்கப்பட்டது!

நம்மவர் வாளாவிருக்கவில்லை. 1916-17இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். அதன் சிறுவர் தொப்பிக்கு மாறாகத் தலைப்பாகை அணிந்தனர். 1918இல் அலகாபாத்தில் மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை நிறுவினர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது சென்னைச் சங்கம் தாய் இயக்கத்துடன் இணைந்தது; சேவா சமிதி தனித்தே நின்றது.

பிரிந்து நின்றோரை ஒன்றுசேர்க்க, விடுதலைக்குப் பின் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் முதலியோர் பெரிதும் முயன்றனர். அதன் பயனாக 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15இல் சாரணியர் சங்கமும் அதனுடன் இணைந்தது.

பிள்ளைகளுக்கு உடன்பிறப்பைப் போதித்த இயக்கமே அப்பாடத்தை முழுமையாகக் கற்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. நாம் இதிலிருந்து அறிய வேண்டுவது யாது? சீருடையும் முடிச்சும் மட்டும் பண்பாகிவிடா. நம் பிள்ளைகளைச் சாரணர் படைக்கு அனுப்புவதோடு நில்லாமல், வீட்டிலும் அவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்போம். அடுத்த தெருப் பிள்ளைக்கும் நம் வாயிலைத் திறந்து வைப்போம். முகாமில் கற்றது வாழ்வில் நிலைக்க அதுவே வழி.