நொய்யலின் கடைமடையும் அரசின் பொறுப்புடைமையும்: ஒரத்துப்பாளையம் வழக்கை முன்வைத்து

1. ஆய்வின் பொருள்

பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்ட ஊர் ஒன்று கொங்கு நாட்டில் உண்டு. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணைதான் அது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறும் என்று திட்டமிடப்பட்டது. அதில் பெரும்பகுதி கரூர்ப் பக்கத்து நிலம். வந்து சேர்ந்தது திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர்.

மக்களாட்சியில் அரசு பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதை மறுப்பார் இல்லை. யாரிடம் சொல்ல வேண்டும், எந்த வழியாக, எத்தனை ஆண்டுக்குள் என்று கேட்கும்போதுதான் பேச்சு தடுமாறுகிறது. இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பதவியோடு வருவது பொறுப்பு. அந்தப் பொறுப்பில் தவறினால் விளக்கம் தரவும் விளைவை ஏற்கவும் கட்டுப்பட்டிருப்பது பொறுப்புடைமை. ஒரத்துப்பாளையத்தில் பொறுப்பில் இருந்தவர்கள் பலர். பொறுப்புடைமை ஆலை வாசலோடு நின்றுவிட்டது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

2. ஆறும் அணையும்

நொய்யல் வெள்ளியங்கிரி மலைச்சரிவில் தோன்றுகிறது. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலை ஒட்டி வந்து, கோவையின் குளங்களுக்கு நீர் கொடுத்து, திருப்பூர் நகரின் நடுவே புகுந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊரருகே காவிரியில் கலக்கிறது. அணைக்குப் பக்கத்தில்தான் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் துணிபு. அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணி செய்த தடயங்களும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தொழிலும் வணிகமும் இந்த ஆற்றங்கரையில் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. எனவே தொழிலுக்கும் ஆற்றுக்கும் இயற்கையிலேயே பகை என்று யாரும் சொல்ல முடியாது.

அணையை ஒட்டிய தோட்டம் ஒன்றின் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஏறி இறங்கிய மட்டம் தெரியும்படி சுற்றுக்கல்லில் வெள்ளை பூத்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தால் கரிப்பு. வெட்டித் தந்த இளநீரிலும் அந்தக் கரிப்பு இருந்தது. "கெணறு நெறையத் தண்ணி நிக்குதுங்க, மாட்டுக்குக்கூட வெக்க முடியாதுங்க" என்றார் தோட்டக்காரர். அவர் வீட்டுக்குக் குடிநீர் லாரியில் வருகிறது.

3. உப்பின் வழி

பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை; அலசும் தண்ணீரோடு ஏறக்குறைய முழுவதும் வெளியே போய்விடுகிறது. 1980களில் வளரத் தொடங்கிய பனியன் ஏற்றுமதி 1990களில் பல மடங்கு பெருகியபோது, ஆற்றுக்குப் போன உப்பும் அதே வேகத்தில் பெருகியது. முதலில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்து நிறத்தைப் பிரித்தன. கரைந்த உப்பு அப்படியே தாண்டிப் போனது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புள்ள கழிவை வெளியே விடக்கூடாது என்பது விதி. எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, மிஞ்சும் அடர்கழிவைக் காய்ச்சி உப்பாக்கினால்தான் அந்த விதியைக் காக்க முடியும். அதற்குச் செலவு அதிகம்.

விதி இருந்தது, அளக்கும் கருவி இருந்தது, அளக்க வேண்டிய அலுவலகமும் இருந்தது. ஆகவே, தெரியாமல் நடந்துவிட்டது என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை.

4. குடிமக்கள் தட்டிய கதவுகள்

4.1 வாக்குச்சீட்டு

கொங்கு விவசாயிக்குக் குரல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மின்கட்டணத்துக்காக 1972இல் கோவை நகரை மாட்டு வண்டிகளால் நிறைத்த மண் இது. விவசாயிகள் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் மண். தேர்தலையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை நாட்டின் கண்ணுக்குக் கொண்டுவர நூற்றுக்கணக்கில் மனுத்தாக்கல் செய்தார்கள். களத்தில் நின்ற வேட்பாளர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சடிக்க வேண்டியிருந்தது. அவர்களில் 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை.

அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. குறை சொல்ல வந்தவர்களுக்கு வாசற்படியை உயர்த்திக் கட்டியதுதான் கிடைத்த விடை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அணை கட்டி முடிந்த 1992 முதல் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட 2011 வரை, அதிமுகவும் திமுகவும் மாறி மாறி ஆண்டன. மக்கள் ஆட்சியை மாற்றாமல் இல்லை. ஒவ்வொரு ஐந்தாண்டும் மாற்றினார்கள். ஆனால் நொய்யலின் கோப்பு மாறவில்லை. லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடும் தொழில் மேல்மடையில் இருக்கிறது, சில ஆயிரம் விவசாயிகள் கடைமடையில் இருக்கிறார்கள் என்றால் வாக்குக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்பான்மையால் ஆளப்படும் முறையில் கடைமடைக்காரன் எப்போதும் சிறுபான்மைதான்.

4.2 சட்டமன்றம்

உறுப்பினர் கேள்வி கேட்கலாம், அமைச்சர் பதில் தருவார். தணிக்கைத்துறை அறிக்கை வைக்கும், பொதுக்கணக்குக் குழு அதை ஆராயும். இவை எல்லாம் செலவான பணத்தின் தடத்தைப் பின்தொடரும் கருவிகள். உப்பேறிய கிணறு எந்தக் கணக்குத் தலைப்பிலும் வருவதில்லை.

4.3 வாரியம்

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. வாரியத்தின் இசைவாணை இல்லாமல் எந்த ஆலையும் கழிவை வெளியே விட முடியாது. விதி மீறும் ஆலையின் மின் இணைப்பைத் துண்டிக்கவும் மூடவும் ஆணையிடும் அதிகாரத்தை 1988ஆம் ஆண்டுத் திருத்தம் கொடுத்தது. காவிரி, அதன் கிளையாறுகள் உள்ளிட்ட ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு தரும் தொழில் தொடங்கக் கூடாது என்று 1989இல் அரசாணை 213 பிறந்தது. ஒரு கை இந்த ஆணையைப் பிறப்பிக்க, இன்னொரு கை அணை கட்டியது; மூன்றாவது கை இசைவாணைக்கு முத்திரை போட்டது. மூன்றும் ஒரே அரசின் கைகள். பொதுப்பணித்துறையும் வாரியமும் தங்கள் கோப்புகளை ஒரே மேசையில் விரித்திருந்தால் அணையில் எந்தத் தண்ணீர் நிற்கப் போகிறது என்பது அன்றே தெரிந்திருக்கும்.

4.4 நீதிமன்றம்

பாலாற்றுத் தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. நொய்யல் விவசாயிகளுக்குப் பற்றுக்கோடாக அமைந்தது அந்தத் தீர்ப்புதான். அதையொட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் படுகையில் 68 ஊர்களைச் சேர்ந்த ஏறக்குறைய 28,600 விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஒரு நல்ல கறவை மாடுகூட வாங்க முடியாத தொகை.

2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2006 டிசம்பர் 22இல் தீர்ப்பு வந்தது. கழிவை வெளியேற்றாத நிலையை ஆலைகள் அடைய வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10 பைசா அபராதம். ஆலை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2009 அக்டோபர் 6இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து மூன்று மாதம் கெடு விதித்தது. கெடு முடிந்தும் சாயத்தண்ணீர் நிற்கவில்லை. விவசாயிகள் அவமதிப்பு மனுவோடு மறுபடியும் சென்னைக்குப் பேருந்து ஏறினார்கள். 2011 ஜனவரி 28இல், சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த மே மாதம் பதவியேற்ற புதிய அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கழிவுநீரை மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் படிப்படியாக மாறியது. இன்று அந்நகரம் அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அந்தப் பெருமை அதற்கு உரியதே. முடியாது என்று இருபது ஆண்டு சொல்லப்பட்ட ஒன்று, மூடியபின் முடிந்தது.

5. விடுபட்ட பெயர்கள்

தீர்ப்புகளில் அபராதம் விழுந்தது ஆலைகள்மேல். வாரியத்துக்கும் அரசுத்துறைகளுக்கும் கிடைத்தவை கட்டளைகள். பட்டறைக்காரர்களில் பலர் ஏற்றுமதியாளர் கொடுக்கும் துணிக்குக் கூலிக்குச் சாயம் போட்டவர்கள். வேலையிழந்த தொழிலாளி ஊர் திரும்பினார். விவசாயி நிலத்தை இழந்தார். இழப்பு எதுவும் இல்லாமல் ஓய்வூதியத்தோடு வீடு சேர்ந்தது இசைவாணையில் கையெழுத்திட்ட பேனா ஒன்றுதான்.

சட்டத்தில் அன்று வழி இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, அரசுத்துறை ஒன்று குற்றம் செய்தால் அதன் தலைவரே குற்றவாளியாகக் கருதப்படுவார் என்று எழுதி வைத்தது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முழு முயற்சி எடுத்தேன் என்றோ மெய்ப்பிக்கும் சுமையும் அவருக்கே இருந்தது. இதைவிடத் தெளிவாகப் பொறுப்புடைமையை எழுத முடியாது.

அதிகாரிகள் அரசியல் நெருக்கடியில் வேலை பார்க்கிறார்கள், ஆலையை மூடினால் ஊரே பட்டினி கிடக்கும் என்பார்கள். இது கவனிக்க வேண்டிய வாதம். ஆனால் 1992லேயே புதுப் பட்டறைகளுக்கு இசைவாணையை நிறுத்தியிருந்தால், 2011இல் ஒரே நாளில் அத்தனை பேர் வேலை இழந்திருக்க மாட்டார்கள். அந்தந்த ஆண்டு சொல்ல வேண்டிய மறுப்பைச் சொல்லாததன் மொத்த விலையைத் தொழிலாளிதான் கட்டினார்.

6. செய்ய வேண்டியது

ஒவ்வோர் இசைவாணையும் ஒப்புதல் அளித்த அதிகாரியின் பெயர், பதவியோடு தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் இருக்க வேண்டும். ஆற்றுநீர், கிணற்றுநீர்ச் சோதனை முடிவுகளைக் கிராம சபையில் வாரியப் பொறியாளரே நேரில் வந்து படிக்க வேண்டும். நீதிமன்றம் இழப்பீடு விதிக்கும்போது, அனுமதித்த அலுவலகத்தின் பங்கையும் தனியே கணக்கிட வேண்டும்.

இவற்றில் முதலாவதைத் தொடங்கப் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும், பத்து ரூபாய்க் கட்டணம் போதும். நொய்யல் கரையிலோ பவானிக் கரையிலோ அமராவதிக் கரையிலோ வாழும் வாசகர்கள் தங்கள் ஊருக்கு மேலே உள்ள ஆலைகளின் இசைவாணை நகலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் அதை உரக்கப் படியுங்கள், கையெழுத்திட்டவர் பெயரையும் சேர்த்து.