இனிஷியலும் திருநங்கையர் பெயரும்

திருநங்கையர் பெண்பெயர் ஏற்பதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஏன் இந்தப் பெயர்? பிடித்த நடிகையின் பெயர், அம்மனின் பெயர், கூடப் படித்த தோழியின் பெயர் என்று சுவையான விடைகள் வரும். பெண் குழந்தை பிறந்த எந்த வீட்டில் கேட்டாலும் ஏறக்குறைய இவையேதான் வரும். தமிழ்நாட்டில் ஆராயத்தக்கது பெயரைக் காட்டிலும் அதை ஒட்டி நிற்கும் பகுதிதான்: இனிஷியல், அல்லது அந்த இடத்தில் வரும் இரண்டாம் பெயர்.

தமிழ்ப் பெண்ணின் பெயர் ஏடுகளில் தனியே நிற்பது அரிது. தந்தை அல்லது கணவர் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். இல்லையேல் முழுதாகப் பின்னால் வரும். ஆண்பெயர் ஒன்று ஒட்டியிருப்பது இங்கே பெண்பெயரின் இயல்பு. கல்கி சுப்ரமணியம், ரோஸ் வெங்கடேசன் ஆகிய திருநங்கையர் பெயர்களின் பின்பாதியை உதறப்படாத ஆண் அடையாளம் என்று வாசிப்பவர்கள் இந்த வழக்கத்தை மறந்துவிடுகிறார்கள். அமைப்பளவில் அவை மற்றப் பெண்களின் பெயர்களைப் போன்றவையே.

நர்த்தகி நடராஜின் பெயர் இன்னும் நுட்பமானது. 2019இல் பத்மஸ்ரீ பெற்ற இப்பரதக் கலைஞருக்கு ‘நர்த்தகி’ என்று பெயர் வைத்தவர் அவருடைய ஆசான், தஞ்சை கே. பி. கிட்டப்பா பிள்ளை. ‘நடராஜ்’ பிறந்த வீட்டில் வைத்த பெயர். (ஆடல்வல்லானின் பெயர் ஆடுபவருக்கு அமைந்தது நல்ல தற்செயல்.) தந்தை பெயர் வர வேண்டிய இடத்தில் தம் பழைய பெயரையே நிறுத்தியிருக்கிறார். இரு பாதிகளில் எதுவும் அவர் தேடி எடுத்ததன்று. ஒன்றை ஏற்றதும் மற்றதைக் கழிக்காததுமே அவருடைய தேர்வு.

திருநங்கையரின் சமூக அமைப்பான ஜமாத்தில் தந்தை பெயரின் வேலையைக் குருவின் பெயர் செய்கிறது. மூத்த திருநங்கை ஒருவரிடம் சேலாவாகச் சேர்பவருக்குக் குருவோ கூட இருக்கும் மூத்தவர்களோ பெயர் வைப்பதுண்டு. புதிதாக வந்தவர் பெயரைச் சொன்னால் போதாது. யாருடைய சேலா, நானி (குருவின் குரு) யார் என்றும் சொல்ல வேண்டும். இது எழுத்தில் வராத இனிஷியல். வீடு கைவிட்டவருக்கு இதுவே வம்சம். தந்தைக்குரிய அதிகாரமும் அதோடு சேர்ந்தே வருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பகலில் ஆணுடையில் வேலைக்குப் போய், தோழிகள் நடுவில் மட்டும் சேலை உடுத்துவோரும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்களைக் கோத்தி என்று சொல்லிக்கொள்வார்கள். சித்திரையில் திருநங்கையர் கூடும் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அவர்களை அழைக்கும் பெயருக்கு இனிஷியல் கிடையாது. ரேஷன் கடையும் வங்கியும் அந்தப் பெயரைக் கேட்கப் போவதில்லை. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத அந்தப் பெயரை நினைத்தபடி வைத்துக்கொள்ளலாம், மாற்றியும் கொள்ளலாம். இனிஷியல் வந்து ஒட்டும்போதுதான் பெயர் வீட்டிடமும் அரசிடமும் உரிமை கேட்கத் தொடங்குகிறது.

தந்தையின் எழுத்தைச் சுமப்பது ஆணாதிக்கத்துக்கு உடன்படுவதாகாதா என்ற மறுப்பு நியாயமானது. ‘நான், வித்யா’ என்ற தன்வரலாற்றை எழுதிய திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் பெயரில் ஆண்பெயரே இல்லை. இனிஷியல் நிற்கும் இடத்தில் ஒரு புன்னகை நிற்கிறது. ஆனால் பெண்ணாகப் பிறந்தவர் இனிஷியலோடு வாழ்வதைக் கேள்வி கேட்காமல், திருநங்கையிடம் மட்டும் அதைக் கேட்பது நேர்மையாகாது. மகளாக ஏற்கத் தயங்கும் வீட்டின் எழுத்தை விடாமல் வைத்திருப்பதைப் பணிவு என்பதைவிட வழக்காடல் என்பதே பொருந்தும்.

நீதிமன்ற ஏட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. சான்றிதழ்களில் பழைய பெயர் இருக்க, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தம் காவல் பணி விண்ணப்பத்தைத் தள்ளியதை எதிர்த்து, திருநங்கை கே. பிரித்திகா யாஷினி சென்னை உயர்நீதிமன்றம் சென்று 2015இல் வென்றார். வழக்குத் தலைப்பில் முதலில் இனிஷியல், அடுத்து அவர் ஏற்ற பெயர், அதன்பின் அடைப்புக்குறிக்குள் ‘டிரான்ஸ்ஜெண்டர்’ என்ற குறிப்பு. பெயர் மாற்றத்துக்கு இந்த மூன்றில் நடுப்பகுதியை மட்டுமே 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் கணக்கில் எடுத்தது. அதன் 7ஆம் பிரிவு, அடையாளச் சான்று பெற்றவர் பிறப்புச் சான்றிதழிலும் பிற ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை தந்தது. தந்தையின் எழுத்தை எடுத்துவிட்டுக் குருவின் எழுத்தைப் போட விரும்பும் சேலாவுக்கு அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை.