வெட்டியும் ஒட்டியும்

2019ஆம் ஆண்டு மே மாத இறுதியில் உலகின் பல மூலைகளில் இருந்தோர் நேசமணி என்னும் ஒருவருக்காக மன்றாடினர். நேசமணி மெய்யான மனிதர் அல்லர். 2001இல் வெளிவந்த ‘பிரண்ட்ஸ்’ திரைப்படத்தில் நடிகர் வடிவேலு ஏற்ற ஒப்பந்தக்காரர் வேடம் அது. பாகிஸ்தானைச் சேர்ந்த கட்டடப் பொறியியல் பக்கமொன்றில் சுத்தியல் ஒன்றின் படத்தை இட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டிருந்தனர். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்று திரைக்கதையை மெய்ச்செய்திபோல் எழுதிவைத்தார். அவர் இப்போது நலமா என்று ஒரு வினா எழுந்தது. அவ்வளவுதான், நேசமணிக்காக மன்றாடுங்கள் என்னும் வேண்டுகோள், அந்நாளில் டுவிட்டர் என்ற பெயரில் இயங்கிய தளத்தில், உலக அளவில் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

புதுதில்லியில் மே 30ஆம் நாள் புதிய அமைச்சரவை பதவியேற்றது. சென்னையிலோ குடிநீர்ப் பஞ்சம் முற்றிக்கொண்டிருந்தது. இவற்றுக்கிடையே கற்பனைத் தலையில் விழுந்த கற்பனைச் சுத்தியலுக்காக ஒரு நாட்டின் இளைஞர் உள்ளம் உருகுவதா என்று சினந்தவர் உண்டு. மன்றாட்டு என்னும் சொல் விளையாட்டுப் பொருளாவதா என்று இறைமக்களுள் சிலர்க்கு மனம் நெருடவும் கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. 2015 நவம்பரில் பாரீசு நகரில் நிகழ்ந்த கொடுந்தாக்குதலுக்குப் பின், ஒவ்வொரு பேரிடரின்போதும் ‘மன்றாடுங்கள்’ என்று ஒரு சொல்லை இட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் வழக்கம் பரவியிருந்தது. முழந்தாட்படியிடாத அந்த மன்றாட்டைத்தான் நேசமணியின் அன்பர்கள் நகையாடினர். மெய்யான மன்றாட்டை அன்று என்பேன்.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. ‘பிரண்ட்ஸ்’ படமே வழிநூல்தான். 1999இல் மலையாளத்தில் அதே பெயரில் வந்த படத்தை, அதன் இயக்குநர் சித்திக்கே தமிழில் மீண்டும் எடுத்தார். மலையாளத்தில் அவ்வேடத்தை ஏற்றவர் ஜகதி ஸ்ரீகுமார். ஆக, ஒட்டுச்செடியிலிருந்து வெட்டிய துண்டு மற்றொரு மண்ணில் வேர்பிடித்தது எனலாம். இன்று கிளியனூர் நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்போர் கையிலும், மரக்காணத்து உப்பளங்களில் வெயில் தணியும்வரை நிழலில் ஒதுங்கியிருப்போர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் வடிவேலுவின் முகம் ஒரு வேளை வாக்காளராகவும், ஒரு வேளை மாணவராகவும், ஒரு வேளை அமைச்சராகவும் வந்துபோகிறது. படம் பழையது, வாசகம் புதிது.

இது இணையம் கொண்டுவந்த புதுப்பழக்கம் என்று எண்ணுவோர் தம் ஊர்க் கூத்தை மறந்தவராவர். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் திரௌபதி அம்மன் விழாவில் விடிய விடிய நிகழும் தெருக்கூத்தில், கட்டியங்காரன் பாரதக் கதைக்குள் நின்றுகொண்டே அந்த ஊரின் தண்ணீர்ச் சண்டையையும் விலைவாசியையும் பேசிவிட்டுப் போவான். துரியோதனன் சினங்கொள்வான், மக்கள் சிரிப்பர், கதை தொடரும். அவைக்குத் தெரிந்த பழங்கதையும் அன்றைய பேச்சும் உராயும் இடத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது.

இலக்கியத்திலும் இதற்குத் தமிழர் பெயர் வைத்திருந்தனர். பலவகை உறுப்பும் பலவகைப் பாவும் கலந்து தொடுப்பதைக் கலம்பகம் என்றனர். ஒன்பதாம் நூற்றாண்டின் நந்திக் கலம்பகம் பல்லவ மன்னனைப் பாடிற்று. அதே வடிவத்தை இத்தாலியரான வீரமாமுனிவர் எடுத்து, ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னைக்குத் திருக்காவலூர்க் கலம்பகமாகச் சூட்டினார். பழைய பாத்திரத்தில் புதிய இரசம் என்று அவரை எவரும் குறைகூறவில்லை.

குறவஞ்சியின் கதை இன்னும் சுவையானது. அது வருங்காலம் உரைக்கும் விளையாட்டு அல்லவா? தலைவியின் கைபார்த்துக் குறத்தி குறி சொல்வதே அதன் உயிர்நிலை. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்து இறைவனுக்குப் பாடிய குறவஞ்சி நாடறிந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800ஆம் ஆண்டளவில் அவ்வடிவத்தைப் பெத்லகேமுக்குக் கொண்டுசென்றார். அவர் லுத்தரன் சபையினர். ஆயினும் நாமும் மகிழத்தக்க துணிவு அது. தேவமோகினி தலைவியாகிறாள், விசுவாசமே குறத்தியாக வந்து குறி சொல்கிறது. குறிகேட்டலைக் கடிந்த சமயம், குறிகேட்டலின் பாட்டை மட்டும் கடன் வாங்கிற்று. கடன் வாங்கிய பொருளுக்குள் எதை விட்டு எதைக் கொள்வது என்று அறிந்திருந்ததால் அது திருட்டாகவில்லை.

குறத்தி போனபின் குறி நிற்கவில்லை. மேடைக்கும் திரைக்கும் வந்தது. பெரியார் ஈ.வெ.ரா. 1940களில் ‘இனி வரும் உலகம்’ என்னும் கட்டுரையில், கம்பியில்லாத் தொடர்புக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் என்றும், முகம் பார்த்துப் பேச வழி பிறக்கும் என்றும் எழுதினார். இறைநம்பிக்கையில் நமக்கும் அவருக்கும் உள்ள தொலைவு தெரிந்ததே. எனினும் அந்தக் கணிப்பு பலித்ததை மறுப்பார் யார்? 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், பொத்தானை அமுக்கியதும் சிற்றுண்டி அருகில் வந்து நிற்க வேண்டும் என்று வேடிக்கையாகப் பாடினார். சி.என். அண்ணாதுரை கதை எழுதிய அப்படமும், 1936இல் பிராங்க் காப்ரா இயக்கிய ஓர் அமெரிக்கப் படத்தின் தழுவல் என்பது ஒரு செய்தி. இன்று கைப்பேசித் திரையைத் தொட்டால் இட்டிலி வருகிறது. ஆயினும் அதனை வெயிலில் இருசக்கர வண்டியில் சுமந்து வரும் இளைஞர் கலைவாணரின் பாட்டில் இல்லை. பொறி பலித்தது, ஆளின் உழைப்பு கணக்கில் வராமற் போயிற்று. விளையாட்டாய்ச் சொல்லும் கணிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். கருவியைச் சரியாகக் காண்கின்றன, கருவியைச் சுற்றி நிற்கும் மனிதரைக் காண்பதில்லை.

இவ்விடத்தில் பரமார்த்த குருவை நினையாதிருக்க இயலவில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணியைப் போற்றுகிற நாம், நம் உயர்மறைமாவட்டத்தின் கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி அன்னையின் கோவிலுக்குப் போகிற நாம், அவருடைய இந்தச் சிறுகதைத் தொகுதியைச் சிறுவர் வேடிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரின் கதை, அவர் 1747இல் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின் 1822இல், பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. அதில் வருவன எல்லாம் அவர் தாமே புனைந்தவை அல்ல. தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஆளொருவர் குறைந்துவிட்டாரென அழும் கதை இங்கே வேதாந்தியரின் பத்தாவது மனிதன். இங்கிலாந்தில் கோத்தம் ஊர்ப் பேதையர். உட்கார்ந்த கிளையையே வெட்டும் கதை இங்கே காளிதாசனுக்கு உரியது. துருக்கியில் முல்லா நஸ்ருதீனுக்கு. முனிவர் வெட்டினார், ஒட்டினார்; தமிழ் மண்ணின் பேச்சு மொழியில் தோய்த்தெடுத்தார். ஒட்டிய தடம் தெரியவில்லை.

அந்தக் கிளைக் கதையைக் கூர்ந்து பார்க்கவேண்டும். சீடன் ஒருவன் தான் அமர்ந்த கிளையை வெட்டுகிறான். வழியே போன புரோகிதர், விழுந்துவிடுவாய் என்கிறார். விழுகிறான். உடனே அவர் முக்காலமும் அறிந்தவர் என்று முடிவு கட்டி, எங்கள் குரு எப்போது இறப்பார் என்று கேட்கிறான். அவரும் ஏதோ ஓர் அறிகுறியைச் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் போய்விட்டார், அறிகுறி தங்கிவிட்டது. பின்னொரு நாள் குருவின் உடல் குளிர்ந்ததும், முன்னுரைத்தது வந்துவிட்டதென்று சீடர்கள் நம்பிவிட, கதை முடிகிறது. முதல் சொல் மெய்யானது என்பதற்காக இரண்டாம் சொல்லையும் மெய்யென்று ஏற்றார்கள், பிழை அங்கேதான்.

2018 மே மாதம் இதே பிழையை நம் அண்டை மாவட்டத்தில் கண்டோம். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்னும் செய்தி வாட்சப்பில் ஊர்தோறும் பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோவிலைத் தேடி வந்த ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தனர். அறிகுறி வந்துவிட்டது என்று கூடியவர்கள் எண்ணினர். மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் கொடியோராகப் பிறந்தவர்கள் அல்லர். தம் பிள்ளைகளைக் காப்பதாக நம்பியவர்கள். அதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அவ்வாண்டு சூலையில் அந்நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு வரம்பிட்டது. ஐந்து என்ற எண்ணைப் படித்தபோது சீடர்களின் நினைவு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை.

அவ்வாண்டு இந்தியாவெங்கும் சுற்றிய காட்சிகளுள் ஒன்று, மோட்டார் வண்டியில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வது. அது கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்புக்காகப் பாடுபடும் ரோஷ்னி என்னும் தொண்டமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். நடித்தவர் நடிகர். படத்தின் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தனர். அந்தப் பகுதியில், அதே வண்டி திரும்பி வருகிறது. குழந்தையைத் தெருவில் இறக்கிவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்னும் பொருள்பட எழுதிய பலகையை அவர்கள் உயர்த்திக் காட்டுகிறார்கள்.