குண்டர் சட்டமும் காவலில் உள்ளவரின் உரிமைகளும்

பேச்சுவழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் சட்டம், நடந்த குற்றத்துக்குத் தண்டனை விதிப்பதன்று. இனி நடக்கக்கூடும் என்று கருதப்படும் குற்றத்தைத் தடுப்பதற்காக, ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை சிறையில் வைக்க இடமளிக்கும் தடுப்புக் காவல் சட்டமாகும். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி முதலியோரைக் குறித்து வந்த இதில் மணல் கடத்துவோர் 2006இலும், பாலியல், இணையவழிக் குற்றவாளிகள் 2014இலும் சேர்க்கப்பட்டனர்.

நயினார்கோவில் வட்டாரத்தில் இச்சட்டத்தின்கீழ்க் காவல் ஆணையைப் பிறப்பிப்பவர் இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர். 12 நாட்களுக்குள் மாநில அரசு ஒப்புதல் தராவிடில் அது காலாவதியாகும். காவலுக்கான காரணங்களை 5 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆணையை எதிர்த்து முறையிடும் உரிமையை அரசியலமைப்பின் 22(5)ஆம் பிரிவு அளிக்கிறது. ஆணையை ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாட உரிமை இல்லை என்பது இச்சட்டத்தின் மிகக் கடுமையான கூறு.

எனவே உண்மையான பாதுகாப்பு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாக்கலாகும் ஆட்கொணர்வு மனுவில்தான் உள்ளது; சட்டவிரோதக் காவலிலிருந்து ஒருவரை விடுவிக்கக் கோரும் மனு அது. கொடுக்கப்பட்ட ஆவண நகலில் ஒரு முக்கியப் பக்கம் படிக்க முடியாதபடி மங்கியிருந்தாலோ, தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு ஆங்கில ஆவணத்தின் மொழிபெயர்ப்பு தரப்படாவிட்டாலோ, முறையீட்டைப் பரிசீலிப்பதில் காரணமின்றித் தாமதம் நேர்ந்தாலோ நீதிமன்றம் ஆணையை ரத்து செய்கிறது.