அப்பா போலீஸா இருந்து ரிட்டயர்டு ஆகிட்டாரா? உங்க வீட்ல நடக்கப்போறதும், நீங்க செய்யவேண்டியதும்!

காலையில 5 மணி. அலாரம் இல்லாமலேயே எழுந்துட்டார். ஷேவிங் முடிச்சு, குளிச்சு, ஷூவுக்கு பாலிஷ் போட உட்கார்ந்தவர், பாதியில பிரஷ்ஷை கீழே வச்சிடுறார். இன்னைக்கு ரோல் கால் இல்லைங்கிறது அப்போதான் ஞாபகத்துக்கு வருது.

போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. தீபாவளிக்கு அப்பா தி.நகர் பந்தோபஸ்துல இருப்பார். புத்தாண்டு ராத்திரி மெரினாவுல. விநாயகர் ஊர்வலம், சேப்பாக்கம் மேட்ச், மயிலாப்பூர் அறுபத்து மூவர் என ஊரே கொண்டாடும் நாள்களில் அவருக்கு டியூட்டி. 2004 சுனாமி, 2015 வெள்ளம் நேரத்தில் எத்தனை நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தார்னு அம்மாவைக் கேட்டுப் பாருங்க. இப்போ அந்த மனிதர் 24 மணி நேரமும் வீட்ல. அவருக்கும் இது புதுசு, உங்களுக்கும் புதுசு.

சென்னை மாநகரக் காவலில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் வாழ்க்கை எப்படி இருக்கும், குடும்பமா நீங்க என்னென்ன தெரிஞ்சு வச்சிருக்கணும்... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தோளில் ஏறிய பட்டைகள்

இப்போது ஓய்வுபெறுபவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர்கள். ஆயுதப்படையில் சில ஆண்டுகள், பிறகு ஸ்டேஷன். 10 ஆண்டுகளில் முதல்நிலைக் காவலர், 15 ஆண்டுகளில் தலைமைக் காவலர், 25 ஆண்டுகளில் சிறப்பு உதவி ஆய்வாளர். இதுதான் அவர்கள் காலத்து ஏணி. நாம 'எஸ்.எஸ்.ஐ'னு சாதாரணமா சொல்லிடுறோம். அந்தப் பதவிக்கு வர, கால் நூற்றாண்டு பாரா, நைட் ரவுண்ட்ஸ், கோர்ட் டியூட்டி பார்த்திருக்கணும். இதுக்கு நடுவுல ஒரு சின்ன மெமோ வந்தாலே இன்க்ரிமென்ட் தள்ளிப்போகும்.

இன்னொண்ணும் இருக்கு. போலீஸாருக்கு வார விடுமுறை, பிறந்த நாளுக்கும் திருமண நாளுக்கும் லீவு என்ற அறிவிப்பெல்லாம் வந்தது 2021-ல்தான். அப்போ உங்க அப்பாவுக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும். உங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அவர் ஏன் வரலைங்கிற கேள்விக்குப் பாதி பதில் இதுல இருக்கு.

அந்தக் கடைசி நாள்

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-ல் அது 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள்தான் பணியின் கடைசி நாள். சென்னையில், அந்த மாதம் ஓய்வுபெறுபவர்களை குடும்பத்தோடு கமிஷனர் அலுவலகத்துக்கு அழைத்து, சால்வை போட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது வழக்கம். ஸ்டேஷன்ல தனியா ஒரு பிரிவு உபசார விழாவும் நடக்கும். மாலை, போட்டோ, பிரியாணி.

அழைப்பு வந்தா லீவு போட்டுட்டுப் போங்க. அவர் வேலை பார்த்த இடத்துக்குள்ள உங்களைப் பெருமையா அழைச்சிட்டுப் போகக் கிடைக்கிற ஒரே நாள், பல வீடுகளில் அதுதான்.

குவார்ட்டர்ஸ் சாவி

புதுப்பேட்டை, கொண்டித்தோப்பு, கீழ்ப்பாக்கம்னு சென்னையின் காவலர் குடியிருப்புகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஊர். அப்பா டியூட்டிக்குப் போனா, பக்கத்து வீட்டு ஏட்டு வீட்ல சாப்பாடு. பையனுக்குக் காய்ச்சல்னா எதிர்வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. ஓய்வுபெற்றால் இந்த வீட்டைக் காலி செய்யணும். கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நிறைய பேர் கோட்டைவிடுற இடம் இது. 30 வருஷம் ஊருக்கு நடுவுல இருந்துட்டு, திடீர்னு வாடகைக்கு வீடு தேடினா தலை சுத்தும். கடைசி இரண்டு வருஷத்திலேயே வீட்டைப் பற்றிப் பேசி முடிவெடுங்க. காலி செய்யும்போது கரன்ட் பில் உட்பட எதுவும் பாக்கி இல்லை என்பதற்கான சான்றை மறக்காம வாங்கிடுங்க. அது இல்லைன்னா பணப்பலன்கள் தாமதமாகலாம்.

அம்மாவையும் கவனிங்க. அப்பா இழப்பது வேலையை. அம்மா இழப்பது, அவங்க வாழ்க்கையைத் தாங்கிப் பிடிச்ச அந்த அக்கம்பக்கத்தை.

பென்ஷன் கணக்கு, சிம்பிளா

2003 ஏப்ரல் 1-க்கு முன்பு பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். 30 ஆண்டு தகுதியான சர்வீஸ் இருந்தால், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன். ஓர் உதாரணம் பார்க்கலாம்.

அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், பென்ஷன் 30,000. இதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது மாதம் 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாம். இதுதான் 'கம்யூட்டேஷன்'. அப்புறம் கையில் வருவது மாதம் 20,000, கூடவே அகவிலைப்படி. ஆறுதலான விஷயம், அகவிலைப்படி முழு 30,000-க்கும் கணக்கிடப்படும். 15 ஆண்டுகள் கழித்து, விட்டுக்கொடுத்த 10,000 மறுபடியும் பென்ஷனோடு சேர்ந்துவிடும். 80 வயதில் கூடுதலாக 20% வரும். இது தவிர, பணிக்கொடை, பி.எஃப், விடுப்புச் சம்பளம் தனி.

ஒழுங்கு நடவடிக்கையோ வழக்கோ நிலுவையில் இருந்தால், முதலில் தற்காலிக ஓய்வூதியம் மட்டும்தான். பணிக்கொடை நிறுத்தி வைக்கப்படும். அப்பா இதைப் பற்றி வீட்ல வாயே திறந்திருக்க மாட்டார். பக்குவமாக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

மொத்தமாகப் பணம் வந்ததும், அதைக் கேட்டு ஒரு கூட்டமே வரும். தெரிஞ்சவர் சீட்டு, 'மாசம் 3% வட்டி' ஆசாமி, ரியல் எஸ்டேட் நண்பர். ஊரில் நடந்த எத்தனையோ மோசடிப் புகார்களை எழுதி வாங்கினவரே இதில் விழுந்துடலாம். ஆறு மாசம் எந்தப் பெரிய முடிவும் வேண்டாம்னு குடும்பமா ஒரு ரூல் போட்டுக்கோங்க.

அம்மாவுக்காக இன்னைக்கே செய்யவேண்டியது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன்னா, இதைப் படிங்க.

அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்குக் கிடைப்பது குடும்ப ஓய்வூதியம். அது கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30%. மேலே சொன்ன உதாரணத்தில் 18,000 ரூபாய் மற்றும் அகவிலைப்படி. ஆனா, ஓய்வூதிய ஆணையில் அம்மா பேர் 'செல்வி' என்றும், ஆதாரில் 'தமிழ்ச்செல்வி' என்றும் இருந்தால், துக்கத்தோடு துக்கமாக அவங்க ஆபீஸ் ஆபீஸா அலையணும். அப்பா இருக்கும்போதே சரிசெய்தால், அவரே எழுதிக் கொடுத்துத் தொடங்கிவைக்கலாம்.

* ஓய்வூதிய ஆணை, ஆதார், பான், வங்கிப் புத்தகம் நான்கிலும் அம்மாவின் பெயர், பிறந்த தேதி ஒன்றுதானா?
* ஓய்வூதிய ஆணையை மொபைலில் ஸ்கேன் செய்து, அசலை எங்கே வச்சிருக்கோம்னு அம்மாவுக்கும் சொல்லியாச்சா?
* ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்கணும். விட்டுப்போனால் பென்ஷன் நின்றுவிடும். நேரில் போக முடியாவிட்டால் 'ஜீவன் பிரமாண்' மூலம் டிஜிட்டலாகக் கொடுக்கலாம். உங்க போன் காலண்டரில் ரிமைண்டர் போடுங்க.
* ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் அம்மா பெயர் இருக்கா? அட்டையை எடுத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி உங்க வீட்டுப் பக்கத்தில் எது?
* நாமினி யார் என்று பி.எஃப், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பார்த்தாச்சா?

ரிட்டயர்டு ஆனாலும் சம்மன் வரும்

காக்கியைக் கழற்றினாலும் கேஸ் விடாது. பத்து வருஷத்துக்கு முன்னாடி விசாரிச்ச வழக்குக்கு சாட்சி சொல்லச் சொல்லி சைதாப்பேட்டையிலிருந்தோ எழும்பூரிலிருந்தோ சம்மன் வரும். முழங்கால் வலியோடு கோர்ட் படியேறி, ஒரு வாய்தாவுக்காக மதியம் வரை காத்திருப்பார். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்) 336-வது பிரிவின்படி, ஓய்வுபெற்ற அதிகாரி தயாரித்த ஆவணம் குறித்து, அந்தப் பொறுப்பில் இப்போது இருப்பவர் சாட்சி சொல்ல வழி இருக்கு. ஆனா, நீதிமன்றம் எப்படி உத்தரவிடுதோ அதுதான் முடிவு. சம்மன் வந்தா அலட்சியம் வேண்டாம். முடிஞ்சா அன்னைக்கு நீங்களே பைக்கில் கொண்டுபோய் விடுங்க.

வீட்டுக்குள்ள ஒரு இன்ஸ்பெக்‌ஷன்

'லைட்டை யார் போட்டது?', 'எங்க போயிட்டு வர்ற?', 'யார் அந்தப் பையன்?' முதல் சில மாதங்களுக்கு வீடே ஸ்டேஷனா மாறும். அதிகாரம் போன வெறுமையைச் சிலர் அதட்டலாகக் காட்டுவாங்க, சிலர் குடியில் மறைப்பாங்க, சிலர் பேசுறதையே நிறுத்திடுவாங்க. பல வருஷம் பிணங்களையும் விபத்துகளையும் பார்த்த மனசு அது. தூக்கமின்மை, எரிச்சல் தொடர்ந்தா, டாக்டரிடம் அழைச்சிட்டுப் போறதில் தயக்கம் வேண்டாம். சர்க்கரை, பி.பி டெஸ்டோடு சேர்த்தே இதையும் பேசிடலாம்.

அவருக்கு ஏதாவது பொறுப்பு கொடுங்க. பேரனை ஸ்கூல்ல விடுறது, ஏரியா நலச்சங்க வேலை, போலீஸ் தேர்வுக்கு ஓடுற பசங்களுக்குக் காலையில மைதானப் பயிற்சி... 'நீ வேண்டாம்ப்பா, ரெஸ்ட் எடு'ங்கிறதைவிட, 'அப்பா, நீ வந்தா நல்லாருக்கும்' என்பது அவருக்கு மருந்து.

எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடம் 2021 முதல் காவல் அருங்காட்சியகமாக இருக்கு. ஒரு நாள் அவரை அங்கே கூட்டிட்டுப் போங்க. பழைய துப்பாக்கி, வயர்லெஸ் செட், சீருடைகளுக்கு முன்னாடி நின்னு, 'இது எதுக்குப்பா?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இத்தனை வருஷமா வீட்ல சொல்லாத கதையெல்லாம் வரும். மதியச் சாப்பாட்டுக்கு லேட்டாகும்னு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டுப் போங்க!